திரைச்சீலை இல்லாத ஜன்னல்

போன வாரம் நீங்கள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். கரை மேசைக்குப் புது மானிட்டர் வந்திருக்கிறதாம். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நல்லது. அதற்கு முன்னால் நான்கு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறீர்கள், அதுவும் நல்லது. மானிட்டரில் வங்கக் கடல் முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கீழே, 'செலின் அக்கா, நாளைக்கு சூப்பர் வெதர்!' என்று எழுதி மூன்று சூரியன் பொம்மை வேறு.

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை மணிக்கு இறக்கிய முன்னறிவிப்புக் கோப்பு? தெரியவில்லை. எந்த நேரத்துக்கான காற்று? நேரம் காட்டுகிற மூலையை உங்களில் ஒருவருடைய தலை மறைக்கிறது. வெள்ளைக்குக் காரணம் காற்று இல்லாததா, கோப்பு இல்லாததா? அதைப் படத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கோப்பை அனுப்புங்கள், படத்தை அனுப்பாதீர்கள் என்று வேலையில் இருந்தவரை நான் கத்தியதெல்லாம் எங்கே போனதோ.

அதுகூடப் போகட்டும். மானிட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் நீல நிறத்தில் புதுத் திரைச்சீலை தொங்குகிறது. அதற்கும் ஒரு செய்தி வந்தது: 'அந்தக் கம்பி சும்மாவே இருந்துச்சுக்கா, பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. துணி வாங்கிப் போட்டுட்டோம். இப்ப மானிட்டர்ல வெளிச்சமே அடிக்கல. எப்டி?'

எப்படியா? அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே போன் செய்து உங்களை வாட்டி எடுத்தேன் அல்லவா? கோப்பு முழுசாகத்தான் இருக்கிறது, காற்றும் நிஜமாகவே இல்லை என்று நிரூபித்தீர்கள். நீங்கள் அனுப்பிய படகும் புதுச்சேரி போய்ச் சேர்ந்துவிட்டது. போனை வைப்பதற்குள், 'அக்கா சும்மாவே பயப்படுது' என்று யாரோ சொல்லிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. என் காது நன்றாகவே கேட்கிறது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் முதலிலிருந்தே சொல்லவேண்டியிருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் உங்களைப் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நம் வேலை பாய்மரப் படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சொந்தக்காரர் விசாகப்பட்டினத்தில் வாங்குவார், படகு அவருக்கு இராயபுரத்தில் வேண்டும். நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் அதை ஓட்டிக்கொண்டு வருவார்கள். கரையை ஒட்டி வரும்போது போனில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல் கிடைக்கும், கோப்பெல்லாம் இறங்காது. அதனால் காற்று முன்னறிவிப்புக் கோப்பை இங்கே இராயபுரத்தில், காசிமேட்டுத் துறைமுகத்தைப் பார்த்த மாடி அறையில் நாம் இறக்கி, திறந்து, பார்த்து, அவர்கள் கூப்பிடும்போது படித்துச் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் கரை மேசை. நான் அதில் உட்கார்ந்து தலை நரைத்தவள்.

வேலை கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். அதுதான் ஆபத்து. நான் சேர்ந்த புதிதில் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டினோம். கோப்பில் இருக்கும் நேரம் கிரீன்விச் நேரம், நம்முடையதற்கு ஐந்தரை மணி பின்னால். ஒரு கடிகாரம் நமக்கு, இன்னொன்று கோப்புக்கு. எங்கள் வாட்ச்மேன் தங்கமான மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, தப்பாக ஓடுகிற கடிகாரத்தைச் சரி செய்து வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில் இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகின்றன, அதன் கீழே நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு மணிக்குக் காற்று திரும்பும், பாயை ஏற்றித் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டேன். திரும்பியது மாலை நாலரைக்கு. அதுவரை மூன்று பேர் வெயிலில் உட்கார்ந்து என் பரம்பரையையே திட்டியிருக்கிறார்கள்.

வாட்ச்மேனைக் கேட்டேன். "அஞ்சரை மணி நேரம் தப்பா ஓடிகினு கீதும்மா! இத்தினி பேர் கீறீங்க, ஒர்த்தருக்கும் கண்ணு தெர்ல. நான் சரி பண்ணா ஒரு தேங்க்ஸ் கூட இல்ல" என்று அவர் என் மேல் கோபித்துக்கொண்டார். கடிகாரத்துக்குக் கீழே 'தொடாதே' என்று ஒட்டினேன். அந்தச் சீட்டாவது இன்னும் இருக்கிறதா, அதையும் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது என்று கிழித்துவிட்டீர்களா?

இது சிரித்துவிட்டுப் போகிற கதை. இனி சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை. இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கம்பியில் ஏன் துணி இல்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், 'அப்புறம் சொல்றேன்' என்று தட்டிக் கழித்தேன். காரணம் வெட்கம்.

ஐப்பசி முடிகிற நேரம். விசாகப்பட்டினத்திலிருந்து 'கௌதாரி' என்ற படகு இராயபுரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் குமரேசன். காத்திவாக்கம் மீனவர் குடும்பம், கட்டுமரத்தில் தொடங்கிப் பாய்மரப் படகுக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூட ஜெரோம். இராயபுரத்துக்காரன், நான் போகிற கோயிலுக்கே வருகிறவன், அப்போது நாற்பது வயதிருக்கும். பாயை ஏற்றுவதிலும் சுருக்குவதிலும் அவனைப் போல வேகமான ஆளை நான் பார்த்ததில்லை.

அன்று காலை ஆறு மணிக்கே அலுவலகம் வந்துவிட்டேன். வழியெல்லாம் தூறல். இணைய இணைப்பு அப்போது கணினியில் நீள வயரால் செருகிய ஒரு சின்ன டாங்கிளில் ஓடியது, மழை வந்தால் அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். ஐந்து நாளுக்கான கோப்பைக் கேட்டேன், காற்றழுத்தமும் காற்றும். பச்சைப் பட்டை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது, பிறகு காணாமல் போனது. பட்டை மறைந்தால் வேலை முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். கோப்பும் தன் இடத்தில் இருந்தது. திறந்தேன், திறந்தது. ஒரு முணுமுணுப்பு கிடையாது, ஒரு எச்சரிக்கை கிடையாது. இந்த மென்பொருள் எழுதுகிறவர்களை ஒரு நாள் படகில் ஏற்றிவிடவேண்டும்.

நடந்தது இதுதான். கோப்பில் முதலில் ஐந்து நாளுக்கும் அழுத்தக் கோடுகள் வரும், அதற்குப் பின்னால்தான் காற்று வரும். இறங்குவது பாதியில் அறுந்துபோனது. அழுத்தம் முழுசாக வந்துவிட்டது, காற்று மட்டும் அன்று மதியம் வரை வந்து நின்றுவிட்டது. நேரத்தை நகர்த்தினால் மதியம் வரை அம்புக்குறிகள் அழகாக நிற்கின்றன. அதற்குப் பிறகு கோடுகள் மட்டும் நெளிகின்றன, கடல் வெள்ளை. அந்த மென்பொருளில் காற்றே இல்லாத கடலுக்கும் அதே வெள்ளைதான்.

நான் அதைப் பார்த்து, மதியத்துக்கு மேல் காற்று அடங்குகிறது என்று முடிவு செய்தேன். ஜன்னலில் கனமான பழுப்புத் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தேன். கிழக்கு பார்த்த ஜன்னல், கடல் வெளிச்சம் மானிட்டரில் அடித்தால் வெளிர்நீல அம்புகள் கண்ணுக்குத் தெரியாது. காற்றைச் சரியாகப் பார்க்கவேண்டும் என்று கடலை மூடிவைத்தேன். எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

ஏழு மணிக்குக் குமரேசன் அண்ணன் கூப்பிட்டார். கிருஷ்ணப்பட்டினத்துக்கு நேரே இருந்தார்கள்.

"இன்னாம்மா செலினு, இங்கியே ஒதுங்கிட்டு நாளைக்கி கெளம்பட்டா? இல்ல இப்டியே ஓட்டிகினு வந்துடட்டா?"

"வந்துடுங்கண்ணா. மதியம் வரைக்கும் பின்காத்து நல்லா கீது. அப்பால அடங்கிடும். கடைசியில மோட்டார் போட்டுகினு சாயங்காலம் உள்ள வந்துடலாம்."

அவர், "இங்க அலை பெருசா வந்துகினு கீதும்மா. ராத்திரி இப்டி இல்ல. காத்து அடங்குறதா இருந்தா அலை இன்னாத்துக்கு ஏறுது?" என்றார்.

இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். கடலில் இருக்கிற மனிதர், கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை என்று தோன்றியிருக்கவேண்டும். எனக்குத் தோன்றியது ஒரு விளக்கம். அதுவும் நல்ல விளக்கம்.

"அது எங்கியோ தூரத்துல அடிச்ச காத்தோட அலைண்ணா. காத்து ஓஞ்சப்புறம்கூட அலை வரும். ஃபைல்ல சுத்தமா கீது, நான் பார்த்துகினுதானே சொல்றேன்?"

"செரிம்மா. நீ பார்த்துட்டன்னா செரி" என்று வைத்துவிட்டார்.

என் அறிவு அன்றைக்கு என்று பார்த்து அமோகமாக வேலை செய்தது. நான் கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் அவர்கள் கிருஷ்ணப்பட்டினத்தில் ஒதுங்கி, சூடாக டீ குடித்திருப்பார்கள்.

பதினொன்றரை மணி வரை நான் வேறு வேலை பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வெளிச் சத்தம் எதுவும் இல்லை. டீக்கடை கஸ்தூரி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். ஈரப் புடவையை முறுக்கிப் பிழிந்துகொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, குகை மாதிரி மூடிகினு ஒக்காந்துகினு கீற? வெளிய கடலு பேஜாரு பண்ணிகினு கீது. எட்டு மணிலேந்து மைக்ல கத்திகினு கீறானுங்க, யாரும் போவாதீங்கன்னு. போனவனெல்லாம் திரும்பி வந்துகினு கீறான்."

"காத்து அடங்கப் போகுதுடி" என்றேன். இன்னும் தைரியமாகத்தான் சொன்னேன்.

அவள் போய்த் திரைச்சீலையை ஒரு பக்கமாக இழுத்தாள். காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் மூன்று வரிசையாக நெருக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு படகிலும் கொடி விறைத்துக்கொண்டு தென்மேற்கே நீட்டியிருந்தது. அலைதடுப்புச் சுவருக்கு மேலே தண்ணீர் எழும்பி எழும்பி விழுந்தது. நான் ஐந்தரை மணி நேரமாக அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். நேரத்தை ஒவ்வொரு படியாக நகர்த்தினேன். மதியம் வரை அம்புகளின் வாலில் இரண்டு இரண்டு இறகு. அடுத்த படியில் ஒன்றுமே இல்லை. காற்று அடங்கும்போது அம்பு சின்னதாகும், ஒரு இறகு குறையும், திசை மாறும். ஒட்டுமொத்தமாக வங்கக் கடல் முழுவதும் ஒரே நொடியில் ஓய்ந்துபோகாது. அழுத்தக் கோடுகளோ மாலையை நோக்கி ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டு வந்தன, அப்படி நெருங்கினால் காற்று கூடும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும். எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது. கோப்பின் அளவைப் பார்த்தேன், வழக்கத்தில் பாதிகூட இல்லை.

மறுபடி இறக்கினேன். அந்தப் பச்சைப் பட்டை நகர்ந்த இருபது நிமிடத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கஸ்தூரி போகவில்லை, டாங்கிளைக் கையில் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். முழுக் கோப்பு திறந்தது. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் பலத்த காற்றுக்கான சிவப்பு. மாலை மூன்று மணியிலிருந்து வடகிழக்குக் காற்று ஏறிக்கொண்டே போய், இருட்டுகிற நேரத்தில் பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை கரையை நோக்கித் தள்ளும். 'கௌதாரி' அந்நேரம் சரியாக அங்கேதான் இருக்கும். நான்தான் நேரம் கணக்குப் போட்டு வரச்சொல்லியிருந்தேன்.

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி செய்தேன். பழவேற்காட்டுப் பக்கம் மணல்மேடுகளுக்கு விலகி வெளியே வருவார்கள், அங்கே சிக்னல் கிடையாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் செய்தேன். ஜெரோமின் மனைவி ஸ்டெல்லா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவள், அவள் முகம்தான் முன்னால் வந்து வந்து நின்றது.

மேலாளர் வந்தார். நல்லவர், பதறுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். நெற்றியைத் தடவிக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"லைன் கிடைச்சா, புது முன்னறிவிப்பு வந்திருக்கு, நிலைமை மாறிடுச்சுன்னு சொல்லுங்க. பாதி ஃபைல் அது இதுன்னு சொல்லி அவங்களைக் கலவரப்படுத்தாதீங்க. நம்ம மேல இருக்கிற நம்பிக்கையும் போயிடும்."

கேட்க இதமாக இருந்தது. பொய்யும் இல்லை பாருங்கள், புதுக் கோப்பு வந்திருப்பது உண்மைதானே. ஒப்புக்கொள்கிறேன், இரண்டு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு குமரேசன் அண்ணன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். காலையில் ஒருத்தி அடங்கும் என்றாள், மத்தியானம் அவளே ஏறும் என்கிறாள். அப்படியானால் முன்னறிவிப்பு ஊசலாடுகிறது, உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்றுதான் எந்த மாலுமியும் நினைப்பான். பாதியை நம்பி, பாதிப் பாயைச் சுருக்கி, கரையைப் பார்த்து வந்துகொண்டே இருப்பான். காலையில் சொன்னதைத் தூக்கிக் கடலில் போட்டால்தான் அவருக்கு வழி. அதைத் தூக்கிப் போடச் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும்.

ஒன்றேகால் மணிக்கு லைன் கிடைத்தது. காற்று போனுக்குள் இரைந்தது. எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று தெரியாததால் முக்கியமானதை முதலில் சொன்னேன்.

"அண்ணா, காலைல நான் சொன்னது தப்பு. ஃபைல் பாதிதான் எறங்கி இருந்துச்சு. நான் காத்து இல்லன்னு சொன்ன எடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாது. அத மறந்துடுங்க. இப்ப முழுசா பார்த்துட்டேன். மூணு மணிலேந்து வடகெயக்கு ஏறுது. பொயுது சாயற நேரத்துல ரொம்ப ஜாஸ்தி. கரைக்கு வராதீங்க."

"எது வரைக்கும் பார்த்துகீற?"

"நாளைக்கி மத்தியானம் குறைய ஆரம்பிக்குது. அஞ்சு நாளும் காத்து கீது, எண்ணிப் பார்த்துட்டேன்."

"செரி. வெளிய இஸ்துகினு போயிடறேன். நாளைக்கி சாயங்காலம் பாப்போம். நீ அழுவாத."

நான் அழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது. அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அவர் படகைத் திருப்பி ஆழக்கடலுக்குள் போய்விட்டார். பாய்மரப் படகுக்குப் பெருங்காற்றில் எதிரி கடல் இல்லை, கரைதான். வெளியே இடம் இருந்தால் பாயைச் சுருக்கிக்கொண்டு கிடக்கலாம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் 'கௌதாரி' காசிமேட்டுக்குள் வந்தது. நானும் ஸ்டெல்லாவும் மேலாளரும் கஸ்தூரியும் படகுத்துறையில் நின்றோம். குமரேசன் அண்ணன் சுக்கான் பிடித்திருந்தார். ஜெரோம் கீழே உட்கார்ந்திருந்தான், வலது கையை ஒரு கிழிந்த பாய்த் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

முந்தின நாள் நான்கு மணிக்குப் பெரிய பாயை முழுவதும் இறக்கும்போது, பாயின் அடியில் இருக்கிற நீளக் கட்டை திடீரென்று மறுபக்கம் வீசி அவன் தோளில் அடித்திருக்கிறது. காலையிலேயே ஒதுங்கியிருந்தால் அந்தப் பாயை அந்தக் காற்றில் யாரும் இறக்கவேண்டிய அவசியமே இருந்திருக்காது. தோள் எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். கை தோளுக்கு மேலே போகாது என்று சொல்லிவிட்டார்கள். கை மேலே போகாதவனுக்குப் பாய்மரத்தில் வேலை இல்லை. இப்போது அவன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து லாரி எண்களைச் சரிபார்க்கிறான்.

அன்றிலிருந்துதான் கரை மேசையில் ஒரு பழக்கம் வந்தது. இதை ஏன் செய்கிறோம் என்று தெரியாமலேயே நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள், அல்லது செய்யாமல் இருக்கிறீர்கள். படகுக்குக் காற்றைப் படிக்கும் முன்னால், என் கோப்பில் காற்று இந்த மணி வரை இருக்கிறது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்லவேண்டும். கடலிலிருந்து ஒருவர் தான் பார்த்ததைச் சொன்னால், அதற்கு விளக்கம் கொடுப்பதற்கு முன் கோப்பை மூடிவிட்டுத் திரும்ப இறக்கவேண்டும். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் ஆகும். 'டைம் வேஸ்ட்க்கா' என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் உங்களில் ஒருவர்தான், பெயரை எழுதவில்லை.

திரைச்சீலை விஷயத்துக்கு வருகிறேன். விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து ஜெரோம் அலுவலகத்துக்கு வந்தான். கட்டு பிரித்திருந்தார்கள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவன் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் படம் வச்சிகீறியா? நீ அன்னிக்கிப் பார்த்தது. எனக்கும் காட்டு."

பாதிக் கோப்பை நான் அழிக்கவில்லை. திறந்து, அன்றைய மாலை மூன்று மணிக்கு நகர்த்தி நிறுத்தினேன். வெள்ளைக் கடல். அவன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது. நீ இன்னாக்கா பண்ணுவ? நானா இருந்தாலும் வான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "சொல்லியிருக்க மாட்டடா! பொய் சொல்லாத. நீயா இருந்தா ஒரு தபா வெளிய எட்டிப் பார்த்திருப்ப. கொடி எப்டி நிக்குதுன்னு பார்த்திருப்ப. நான் பார்க்கல. என்ன மன்னிக்கிற வேலையெல்லாம் வச்சிக்காத!" என்று கத்திவிட்டேன். மேலாளர் அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஜெரோம் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தான். பழுப்புத் திரைச்சீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து மூடியிருந்தது.

"அப்ப இது இன்னாத்துக்கு மூடிகினு கீது?" என்றான்.

"வெளிச்சம் அடிக்குது" என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்தது. அவன் தோளை உடைத்த பிறகும், இரண்டு மாதமாகத் தினமும் காலையில் வந்து அதை மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். கை தானாகச் செய்திருக்கிறது, எனக்கே தெரியாது. அந்த நிமிடம் போல நான் வாழ்க்கையில் குறுகிப்போனதில்லை.

அவன் ஜன்னலுக்குப் போனான். வலது கையைத் தூக்கிப் பார்த்தான், தோள்வரை போய் நின்றது. பிறகு நுனிக்காலில் எம்பி, இடது கையால் துணியைப் பிடித்துக் கொத்தாக இழுத்தான். வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு தரையில் உருண்டன. நான் உதவிக்குப் போகவில்லை, போயிருந்தால் அவன் விட்டிருக்கமாட்டான். முழுவதும் இறங்கியதும் அதைச் சுருட்டி இடது அக்குளில் வைத்துக்கொண்டான்.

"எடுத்துகினு போறேன். வூட்ல ஸ்டெல்லாவுக்கு எதுக்காச்சும் ஆவும்" என்றான். அறை முழுக்க வெளிச்சம். மானிட்டரில் இருந்த வெள்ளைக் கடல் சுத்தமாகத் தெரியவில்லை. காசிமேடு தெரிந்தது.

நான் ஓய்வு பெறும் நாள் வரை அந்தக் கம்பி அப்படியே இருந்தது. வெளிச்சம் அடித்த நாளெல்லாம் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு அம்புகளைப் பார்த்தேன். புது மானிட்டருக்கும் அந்த வைத்தியம் போதும், இல்லையென்றால் அதைத் தூக்கி வேறு சுவரில் மாட்டுங்கள். நாளைக் காலை பத்து மணிக்குள் அந்த நீலத் துணி கீழே இறங்கியிருக்கவேண்டும். யாருக்கும் நேரமில்லை என்றால் சொல்லுங்கள், ஜெரோமை அனுப்புகிறேன். அவனுக்கு வலது கை இன்னும் மேலே போவதில்லை, இடது கையே போதும் என்கிறான்.